பிரேக்மேன் ஏறினால்தான் வண்டி கிளம்பும்

டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில், டிவோலி பூங்காவுக்குள் ஒரு மர ரோலர் கோஸ்டர் இருக்கிறது. எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்த வண்டி கிளம்பாது. பூங்கா ஊழியர் ஒருவர் வந்து பயணிகளோடு பயணியாகத் தன் இடத்தில் அமர்ந்து, பிரேக் நெம்புகோலைப் பிடிக்க வேண்டும். அவர்தான் பிரேக்மேன். வண்டி மேட்டில் ஏறி, பள்ளத்தில் பாய்ந்து, வளைவில் திரும்பும்போதெல்லாம் எந்த இடத்தில் எவ்வளவு பிடிப்பது, எங்கே விட்டுவிடுவது என்பது அவர் கைக்கணக்கு. 1914 முதல் இப்படித்தான் ஓடுகிறது.

இன்றைய ரோலர் கோஸ்டர்களில் பிரேக் தண்டவாளத்தில் இருக்கும். அதைக் கணினி இயக்கும். வண்டி எவ்வளவு துள்ளினாலும் தடத்தை விட்டுத் தூக்கிக்கொள்ளாதபடி, தண்டவாளத்தின் அடிப்பக்கத்தையும் சக்கரங்கள் பற்றிக்கொண்டிருக்கும். இந்த அடிச்சக்கரத்துக்கு அமெரிக்கரான ஜான் மில்லர் காப்புரிமை பெற்றது 1919இல். அதற்கு முந்தைய காலத்து வண்டிகளைத் தடத்தோடு பிடித்துவைத்தது அவற்றின் எடைதான். மேட்டின் உச்சியில் வேகம் கூடிவிட்டால் வினை. அதனால்தான் ஓர் ஆள் கூடவே போனார். இப்படி ஆள் ஓட்டும் மர ரோலர் கோஸ்டர்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்கே மிஞ்சியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், 1912இல் கட்டிய லூனா பார்க் வண்டி அவற்றில் ஒன்று.

வெளிநாடு போகிறவர்கள் பயணத்திட்டத்தில் ஒரு நாளைத் தீம் பார்க்குக்கென்று ஒதுக்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த ஒரு நாள் பெரும்பாலும் ஓட்டத்திலேயே கழிந்துவிடும். காலையில் கதவு திறக்குமுன் போய் நிற்பது, எந்த வரிசை குறைவு என்று போனில் பார்ப்பது, கொடுத்த காசுக்கு எத்தனை ரைடு ஏறினோம் என்று இரவில் எண்ணிப்பார்ப்பது. அந்தக் கணக்கோடு டிவோலிக்குள் நுழைகிறவர் ஏமாந்துபோவார். அங்கே நுழைவுச்சீட்டு வேறு, ரைடு சீட்டு வேறு. நுழைவுச்சீட்டு மட்டும் வாங்கிக்கொண்டு, ஒரு ராட்டினத்திலும் ஏறாமல், பெஞ்சில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற உள்ளூர்க்காரர்கள் ஏராளம். ஆண்டுச் சந்தா அட்டை வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் அப்படியே உள்ளே வந்துவிடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு அது ராட்டினங்கள் உள்ள தோட்டம்.

பூங்கா இருக்கும் இடமும் அப்படி. மத்திய ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து சாலையைக் கடந்தால் டிவோலியின் மதில். பெட்டியும் கையுமாக ரயிலைவிட்டு இறங்குகிறவரின் காதில் ராட்டின அலறல் விழும். ஊருக்கு வெளியே, பஸ் பிடித்துப் போகிற தீம் பார்க்குகளையே பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிது. 1843இல் தொடங்கியபோது இதுவும் ஊருக்கு வெளியேதான் இருந்தது. நகரின் மேற்கு வாயிலுக்கு அப்பால், கோட்டை அரணை ஒட்டிய நிலம். பிறகு நகரம் வளர்ந்து அதைச் சுற்றி வளைத்துக்கொண்டது. பூங்காவின் நடுவே மீன் நீந்தும் ஏரி, பழைய அகழியின் மிச்சம்.

இதைத் தொடங்கியவர் கெயோர்க் கார்ஸ்டென்சன். டேனிஷ் தூதரக அதிகாரி ஒருவரின் மகன்; அல்ஜியர்ஸில் பிறந்தவர். பாரிஸிலும் லண்டனிலும் இருந்த கேளிக்கைத் தோட்டங்களைப் போலத் தன் நாட்டிலும் ஒன்று வேண்டும் என்று அரசர் எட்டாம் கிறிஸ்டியனிடம் அனுமதி கேட்டார். மக்கள் கேளிக்கையில் மூழ்கியிருந்தால் அரசியலைப் பற்றி யோசிக்கமாட்டார்கள் என்று அவர் அரசருக்கு எடுத்துச் சொன்னதாக ஒரு கதை டென்மார்க்கில் வழங்குகிறது. கதை மெய்யானால் அந்த மருந்து வேலை செய்யவில்லை. 1849லேயே டென்மார்க்கில் முடியாட்சியின் தனியதிகாரம் முடிந்து, அரசியல் சட்டம் வந்துவிட்டது. பூங்காவுக்கு அப்போது ஆறு வயதுகூட நிரம்பவில்லை.

இந்த எட்டாம் கிறிஸ்டியன் தமிழ் மண்ணுக்கு அந்நியர் அல்லர். டிவோலி திறந்த 1843 ஆகஸ்ட் 15 அன்று தரங்கம்பாடி அவருடைய ஆளுகையில்தான் இருந்தது. 1620 முதல் டேனியர்களிடம் இருந்த அந்தக் கடற்கரை ஊரையும், வங்காளத்தின் செராம்பூரையும் சேர்த்து, 12.5 லட்சம் ரூபாய்க்குப் பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றது 1845இல். தலைநகரில் ராட்டினம் சுற்றத் தொடங்கிய இரண்டே ஆண்டுகளில் தரங்கம்பாடியின் டான்ஸ்போர்க் கோட்டை கைமாறிவிட்டது.

டிவோலியில் முதல் ஆண்டிலேயே குதிரை பூட்டிய குடைராட்டினமும் ஒரு சறுக்கு வண்டியும் இருந்தன. அவற்றோடு இசையும் வாணவேடிக்கையும் வண்ண விளக்குகளும். இசைக்குழுவை நடத்திய ஹான்ஸ் கிறிஸ்டியன் லும்ப்யூவின் ‘ஷாம்பெய்ன் காலப்’ இன்றும் டென்மார்க்கில் கொண்டாட்டம் என்றால் ஒலிக்கும் மெட்டு. முதல் பருவத்தில் வந்துபோனவர்களில் இன்னொரு ஹான்ஸ் கிறிஸ்டியனும் உண்டு, கதைசொல்லி ஆண்டர்சன். அந்த அக்டோபரில் டிவோலிக்குப் போய்வந்ததையும், சீனக் கதை ஒன்றை எழுதத் தொடங்கியதையும் அவர் நாட்குறிப்பில் சேர்த்தே குறித்திருக்கிறார். அதுதான் ‘நைட்டிங்கேல்’. தோட்டத்தில் அன்று இருந்த சீன பாணி அலங்காரங்கள் அவர் மனத்தில் தங்கியிருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

சீனச் சாயலுக்கு இன்றும் அங்கே ஒரு சாட்சி நிற்கிறது. 1874இல் வில்ஹெல்ம் டாலரூப் வடிவமைத்த பாண்டமைம் அரங்கம். மேடைக்குக் கூரை உண்டு, பார்வையாளர்களுக்கு வானம்தான். மேடையை மறைத்திருப்பது துணித்திரை அல்ல, தோகை விரித்த ஒரு பெரிய மயில். நேரம் வந்ததும் தோகை மடங்கிக் கீழே இறங்க, பின்னால் மேடை தெரிகிறது. பாத்திரங்கள் ஹார்லெக்வின், கொலம்பைன், வெள்ளை முகத்துக் கோமாளி பியரோ. பேச்சே இல்லாத ஆட்டம் என்பதால் டேனிஷ் தெரியாத சுற்றுலாக்காரருக்கு இதைவிட வசதியான நாடகம் கிடையாது. நுழைவுச்சீட்டு இருந்தாலே இந்த ஆட்டத்தைப் பார்த்துவிடலாம். ரைடு பாஸ் வாங்கியவர்கள் இந்த வழியாக அவசரமாக நடந்துபோகிறார்கள். இதே மேடையில் ஆண்டர்சனின் ‘தம்பலீனா’ பாலேவாக அரங்கேறியபோது, காட்சியமைப்பையும் உடைகளையும் வரைந்து கொடுத்தவர் அன்றைய அரசி இரண்டாம் மார்கரெத். ஒரு நாட்டின் அரசி ராட்டினப் பூங்காவுக்கு உடை வரைந்து கொடுப்பது வேறெங்கும் நடக்கக்கூடிய காரியமாகத் தெரியவில்லை.

விளக்குகளைப் பார்க்கத்தான் டிவோலிக்குப் போக வேண்டும் என்பார்கள். அதில் ஒரு சிக்கல். நம் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறையாக இருக்கும் மே மாதக் கடைசியில் கோபன்ஹேகனில் சூரியன் மறைய ஒன்பதரை மணிக்கு மேல் ஆகிவிடும். ஜூன் நடுவில் ஏறக்குறைய பத்து மணி. பகலெல்லாம் சுற்றிய பிள்ளைகள் தோளில் தூங்கிவிழும் நேரத்தில்தான் மரங்களில் விளக்குகள் தம் வேலையைத் தொடங்கும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் என்றால் மாலை சீக்கிரம் இருட்டும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. கிறிஸ்துமஸ் சந்தைக்காகப் பூங்கா திறந்திருக்கும், குளிரும் கடுமையாக இருக்கும். ஆண்டின் எல்லா நாளும் திறந்திருக்கும் இடமும் அல்ல. கோடை, ஹாலோவீன், கிறிஸ்துமஸ் என்று பருவம் பருவமாகத் திறந்து மூடுவார்கள். விமான டிக்கெட் எடுக்குமுன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இருட்டைப் பற்றிப் பேசும்போது இரண்டாம் உலகப்போரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜெர்மானியர் பிடியில் நாடு இருந்தபோது இரவில் விளக்கு வெளியே தெரியக் கூடாது என்று உத்தரவு. விளக்கு இல்லாமல் டிவோலி ஏது? கட்டடக் கலைஞர் பொல் ஹென்னிங்சன், கீழே நடப்பவர்களுக்கு வெளிச்சம் விழும்படியும் மேலே பறக்கும் விமானத்துக்கு எதுவும் தெரியாதபடியும் விளக்குகளை வடிவமைத்துத் தந்தார். பூங்கா நள்ளிரவு வரை நடந்தது. 1944 கோடையில் நாஜி ஆதரவாளர்கள் குண்டு வைத்தார்கள். கச்சேரி மண்டபம் உட்படப் பல கட்டடங்கள் எரிந்துபோயின. சில வாரங்களில் கதவு மீண்டும் திறந்தது.

போர் முடிந்து சில ஆண்டுகளில், 1951இல், அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். நடந்துகொண்டே விளக்கு, நாற்காலி, சாப்பாடு என்று கண்டதையெல்லாம் குறித்துக்கொண்டார் என்று உடன்வந்த நண்பர் ஆர்ட் லிங்க்லெட்டர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த அமெரிக்கர் வால்ட் டிஸ்னி. கலிஃபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் திறந்தது 1955 ஜூலையில். டிவோலியின் சுத்தமும் பூச்செடிகளும் அவருக்குப் பிடித்திருந்தன. ஒன்றில் மட்டும் நேர் எதிராகப் போனார். உள்ளே இருப்பவர் கண்ணில் வெளியுலகம் படக் கூடாது என்று தன் பூங்காவைச் சுற்றி மண்மேடு எழுப்பினார். டிவோலியில் மரங்களுக்கு மேலே நகர மன்றத்தின் கோபுரம் தெரியும். 80 மீட்டர் உயரத்தில் நாற்காலிகளைச் சுழற்றும் ‘ஹிம்மெல்ஸ்கிபெட்’ ராட்டினத்தில் ஏறினால் நகரமே தெரியும். தலைசுற்றல் உள்ளவர்கள் கீழிருந்தே கோபுரத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு ரைடு வாசலிலும் உயர அளவுகோல் இருக்கும். இரண்டு சென்டிமீட்டர் குறைந்தாலும் விடமாட்டார்கள். கெஞ்சிப் பயனில்லை, பாதுகாப்புக் கம்பி அந்த உயரத்தை வைத்தே செய்யப்பட்டது. வீட்டிலேயே பிள்ளையை அளந்துகொண்டு போனால், வரிசையின் கடைசியில் ஓர் அழுகையைத் தவிர்க்கலாம்.

டிவோலியைப் பார்த்தவர்களில் பலர் அதைவிடப் பழைய பூங்கா ஒன்று ரயிலில் இருபது நிமிடத் தூரத்தில் இருப்பதை அறியாமலே ஊர் திரும்பிவிடுகிறார்கள். க்ளாம்பென்போர்க் நிலையத்தில் இறங்கி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் மேயும் காட்டுக்குள் நடந்தால், அல்லது குதிரை வண்டியில் போனால், பாக்கன். 1583இல் கீர்ஸ்டன் பீல் என்ற பெண் இந்தக் காட்டில் ஒரு நீரூற்றைக் கண்டாள் என்பது மரபு. நகரத்துத் தண்ணீர் மோசம். ஊற்று நீர் நோய் தீர்க்கும் என்று சனம் திரண்டது. சனம் திரண்ட இடத்துக்குப் பண்டம் விற்பவரும் கழைக்கூத்தாடியும் வந்து சேர்ந்தார்கள். கோயில் திருவிழாக் கடைத்தெருவைக் கண்டவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. உலகில் இன்றும் நடக்கும் கேளிக்கைப் பூங்காக்களில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள்.

பாக்கனில் நுழைவுக் கட்டணம் கிடையாது. டிவோலியின் நேர்த்தியும் கிடையாது. கொஞ்சம் பழசு, கொஞ்சம் சத்தம், பீர் கடைகள், குடும்பம் குடும்பமாக உள்ளூர்க் கூட்டம். அங்கேயும் 1932இல் கட்டிய ஒரு மர ரோலர் கோஸ்டர் உண்டு. அதிலும் நெடுங்காலம் பிரேக்மேன் இருந்தார். 2010இல் புது வண்டிகள் வந்தபோது அவருடைய இருக்கை எடுக்கப்பட்டது. மரச்சட்டமும் மேடுபள்ளமும் அப்படியே இருக்கின்றன. காலையில் பாக்கனில் ஏறிவிட்டு, மாலையில் டிவோலிக்குத் திரும்பி அங்கே ஏறினால், அந்த இருக்கை செய்த வேலை என்ன என்பது முதுகுக்குத் தெரிந்துவிடும்.