"பொண்ணுங்க பாடினா ரெக்கார்டு விக்காது": வாண்டா ஜாக்சன்

இன்னிக்கு வாண்டா ஜாக்சன். 1937-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், மாட் என்கிற சின்ன ஊரில் பிறந்தவங்க. ஸ்கூல் படிக்கும்போதே லோக்கல் ரேடியோவில் பாடினாங்க. அதைக் கேட்ட கன்ட்ரி பாடகர் ஹேங்க் தாம்சன் தன் குழுவோட பாடக் கூப்பிட்டார். தன்னோட கம்பெனியான கேப்பிட்டல்லயும் சிபாரிசு பண்ணினார். அங்கே தயாரிப்பாளர் கென் நெல்சனோட பதில்தான் நம்ம தலைப்பு. ரெக்கார்டே போடாம விக்காதுன்னு எப்படித் தெரியும்? டேட்டாவே இல்லாத முடிவு! டெக்கா கம்பெனி எடுத்துக்கிச்சு. 1954-ல் பில்லி கிரேவோட பாடின டூயட் கன்ட்ரி டாப் 10-க்குள்ள வந்தது. 1956-ல் கேப்பிட்டலே ஒப்பந்தம் போட்டது.

நடுவுல, 1955-ல், எல்விஸ் பிரெஸ்லியோட டூர். கன்ட்ரியோட கறுப்பின மக்களின் ரிதம் அண்ட் ப்ளூஸ் கலந்தா வர்ற வேகமான பாட்டு, அதான் ராக்கபில்லி. நீயும் பாடலாமேன்னு தூண்டினதே எல்விஸ்தான். டிரெஸ் தைச்சது அம்மா: குஞ்சம் வச்சது, தோள் தெரியுறது. நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில், தோளை மூடினாத்தான் பாடலாம்னுட்டாங்க. ஜாக்கெட் மாட்டிப் பாடிட்டு, திரும்பிப் போகவே மாட்டேன்னு கிளம்பிட்டாங்க.

1957-ல் வந்த 'ஃபூஜியாமா மாமா'தான் எனக்கு இன்னும் பிடிபடாத விஷயம். அவங்களுக்கு முன்னாடியே அனிஸ்டீன் ஆலன் பாடின பாட்டு. ஹிரோஷிமா, நாகசாகிக்கு ஆனது மாதிரி உன்னையும் பண்ணுவேன்னு ஒரு பொண்ணு மிரட்டுறா. குண்டு விழுந்து 12 வருஷம்தான். என்னைக் கேட்டா, எழுதியிருக்கவே கூடாத வரி. ஆனா அமெரிக்காவில் எடுபடாத அந்தப் பாட்டு ஜப்பானில் பெரிய ஹிட்! 1959-ல் அங்கே போய் டூரே பண்ணினாங்க. வரியைவிட அந்தக் கரகரப்பான குரல்தான் போய்ச் சேர்ந்திருக்கணும்னு நினைக்கிறேன்.

'லெட்ஸ் ஹேவ் எ பார்ட்டி'யும் அப்படித்தான். 1958 ஆல்பத்தில் சும்மா கிடந்தது. அயோவாவில் ஒரு ரேடியோ டிஜே விடாம போட, 1960-ல் சிங்கிளா வெளியிட்டாங்க. பாப் சார்ட்டில் 37-வது இடம். அடுத்த வருஷமே, அவங்களே எழுதின 'ரைட் ஆர் ராங்' கன்ட்ரி டாப் 10. பொண்ணு சோகமா பாடினா ரேடியோவுக்குப் பிரச்சினை இல்ல, கத்திப் பாடினாத்தான் பிரச்சினை!

எழுபதுகளில் காஸ்பெல் பக்கம் போயிட்டாங்க. எண்பதுகளில் ஐரோப்பிய ரசிகர்கள் பழைய ராக்கபில்லியைக் கேட்டுக் கூப்பிட்டாங்க. 2009-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம். 2011-ல், 73 வயசில், ஜாக் ஒயிட் தயாரிப்பில் புது ஆல்பம். மேடையை விட்டது 2019-ல்தான்.

புதுசா கேக்குறவங்க 'ரைட் ஆர் ராங்' முதல்ல கேளுங்க, உடனே 'பார்ட்டி' போடுங்க. ஒரே ஆள்தானான்னு சந்தேகம் வரும்.