வேட்டை நாயும் முள்ளம்பன்றியும்



திருகோணமலைப் பட்டினத்திலிருந்து நிலாவெளி வீதிவழியே வடக்கு நோக்கிச் செல்வோர், உப்புவெளியைக் கடந்து சற்றுத் தூரம் சென்றதும் சாம்பல்தீவை அடைவர். பெயரிலே தீவு என்றிருப்பினும் கப்பலேறிச் செல்லவேண்டிய இடமன்று. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, மேற்கே தோட்டங்களும் அவற்றுக்கப்பால் பற்றைக்காடும். இடப்பெயர்வுக் காலங்களில் ஆளரவமின்றிக் கிடந்த காணிகளிற் பற்றை படர்ந்தமையால், காடு வீட்டு வேலியை அண்மித்துவிட்ட இடங்களும் உண்டு. இத்தகைய ஊரிலே நாய் இல்லாத வீடு அரிது. பகலில் தோட்டத்துக்கும் இரவில் முற்றத்துக்கும் அதுவே காவல். வேட்டைப் பழக்கமுள்ள நாயாயின், கட்டளையின்றியே காட்டுக்குள் நுழைந்துவிடும்.

அவ்வாறு நுழையும் நாய்க்கு நேரக்கூடிய ஒரு கேட்டைப் பற்றியே இன்று பேசப்போகிறேன். நான் விலங்கியல் கற்றவனல்லன், கலைப் பட்டதாரி. பாடசாலை அதிபராயிருப்பவன் இப்பொருளைப் பேச முன்வந்தமைக்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாதத்துக் காலை. முதல் மணி அடித்து நெடுநேரம் கழித்து வந்த மாணவன் ஒருவன், பிந்தியமைக்குக் காரணம் கேட்குமுன்னரே, "சேர், எங்கட கறுப்பனை முள்ளம்பன்றி குத்திப்போட்டுது, ஒருக்கா வந்து பாருங்கோ" என்றான். இடைவேளையில் அவனுடன் சென்றேன். வேப்பமரத்தடியில் அந்த நாய் கிடந்தது. மூக்கிலும் நாவிலும் முன்னங்கால்களிலும் முட்கள். நெஞ்சிலே, முழங்கையை அடுத்து இரண்டு முட்கள் ஆழப் பதிந்திருந்தன. அயலார் பலர் கூடியிருந்தனர். ஒருவர் மண்ணெண்ணெய் தடவுமாறு கூறினார். மற்றொருவர், "முள்ளின் நுனியை வெட்டினால் உள்ளேயிருக்கும் காற்று வெளியேறும், முள் தளர்ந்து தானே கழன்றுவரும்" என்றார். இந்தக் கூற்று எனக்கு விஞ்ஞானம் போலத் தோன்றிற்று. நானும் தலையசைத்தேன். அதிபரே தலையசைத்தபின் மறுப்பார் யார்?

நால்வர் நாயை அமுக்கிப் பிடிக்க, கத்தியால் வெட்டிக் குறட்டால் இழுத்தோம். பல முட்கள் வந்தன, சில முறிந்தன. நெஞ்சிலிருந்த இரண்டும் முறிந்தவற்றுள் அடங்கும். இரண்டொரு நாளில் நாய் எழுந்து நடந்தது, சோறும் தின்றது. ஏறக்குறைய மூன்று வாரத்தின் பின் அதற்கு மூச்சு வாங்கத் தொடங்கிற்று. மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றபோது, முறிந்த துண்டு நெஞ்சறைக்குட் சென்று சீழ் கட்டியிருப்பதாகவும், காலங் கடந்துவிட்டதாகவும் சொன்னார். அன்றிரவே அது இறந்தது. அச்சிறுவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதன் பின்னரே நான் முள்ளம்பன்றியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

முதற்கண், அது பன்றியன்று. எலியும் அணிலும் சேர்ந்த கொறிவிலங்குக் கூட்டத்தைச் சார்ந்தது. மேற்காசியா தொடங்கி இந்தியா, இலங்கை ஈறாகப் பரந்து வாழும் இனமே நம் காட்டிலும் வாழ்வது. நன்கு வளர்ந்த ஒன்று 11 முதல் 18 கிலோகிராம் வரை நிறையுள்ளது. பகலெல்லாம் வளையினுட் கிடந்து, இருட்டிய பின்னரே இரை தேடப் புறப்படும். கிழங்கு, வேர், மரப்பட்டை, விழுந்த பழம் ஆகியன அதன் உணவு. நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். சங்க நூல்களில் எய் என்றும் முளவுமா என்றும் இதற்குப் பெயர். நற்றிணைப் பாட்டொன்று காட்டுப்பன்றியின் பிடரி மயிருக்கு இதன் முள்ளை உவமை கூறுகிறது. சீமந்தச் சடங்கிலே மனைவியின் வகிட்டைக் கணவன் முள்ளம்பன்றி முள்ளாற் பிரிக்க வேண்டுமென்று கிருஹ்ய சூத்திரங்கள் விதிக்கின்றன. அதே முள்ளை வீட்டில் வைத்திருந்தாற் சண்டை வருமென்று நம்புவோரும் நம்மிடையே உளர். இரண்டு நம்பிக்கைகளையும் ஒரே வீட்டிற் காப்பாற்றுவது எங்ஙனமோ, நான் அறியேன்.

முள்ளம்பன்றி தன் முள்ளை அம்புபோல எய்யும் என்ற எண்ணமும் பழமையானது. எய் என்ற பெயரே அவ்வெண்ணத்துக்கு இடங்கொடுக்கிறது. கிறிஸ்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய ஆசிரியர் பிளினியும், தன்னை நெருக்கும் நாய்களின் வாயை அது குத்தும், சற்றுத் தொலைவில் நிற்பவற்றின்மீது முள்ளை எறியும் என எழுதிவைத்தார். இக்கூற்றின் முற்பாதி மெய், பிற்பாதி பொய். முள் என்பது தடித்துக் கூர்மையடைந்த மயிரே. தோலின் கீழுள்ள தசைகளால் அதனை நிமிர்த்தவும் சாய்க்கவும் முடியும், எறிய முடியாது. உடலைச் சிலிர்க்கும்போது தளர்ந்த முட்கள் சில உதிர்வதைக் கண்டவர் எய்ததாகக் கருதியிருத்தல் கூடும்.

நாய் காயமுறும் விதத்தை அறிந்துகொண்டால், அதனைக் காக்கும் வழியும் புலப்படும். பகைவரைக் கண்டதும் முள்ளம்பன்றி முதலில் எச்சரிக்கை செய்கிறது. முட்களை விரித்துத் தன்னைப் பெரிதாகக் காட்டும், வாலிலுள்ள உட்குழிவான முட்களைக் கலகலவென ஒலிக்கச் செய்யும், காலால் நிலத்தைத் தட்டும், உறுமும். சிறுத்தையாயின் பெரும்பாலும் யோசிக்கும். வேட்டை நாயோ, இவ்வொலியைத் தனக்கு விடுத்த அறைகூவலாகவே கொள்கிறது. துரத்தப்படும் முள்ளம்பன்றி ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென நிற்கும். அல்லது பின்புறமாகவே விரைந்து பாயும். பின்னே வாயைத் திறந்துகொண்டு வரும் நாய், தன் வேகத்தாலேயே முட்களின்மீது மோதுகிறது. கழுத்திலும் முதுகிலும் ஓரடி நீளத்துக்கு அழகாக வளைந்து நிற்கும் முட்கள் பெரிதும் அச்சுறுத்தவே பயன்படுவன. ஆபத்தானவை அவற்றின் கீழே, பிட்டத்துப் பக்கம் மறைந்திருக்கும் குட்டையான, தடித்த முட்களே. பொழுதுபட்ட நேரத்தில் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை.

இம்முட்களின் வலிமைக்குப் புலியே சாட்சி. குமாவோன் மலைநாட்டில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட், முக்தேசரில் 24 பேரைக் கொன்ற பெண்புலியொன்றைப் பற்றி எழுதியுள்ளார். அது முதியதன்று. முள்ளம்பன்றியோடு பொருது ஒரு கண்ணை இழந்தது. முன்காலில் ஏறக்குறைய ஐம்பது முட்கள் தைத்திருந்தன. அவற்றுட் சில ஒன்பது அங்குல நீளம். இயற்கையான இரையைப் பிடிக்க இயலாமற் போனமையாலேயே அது மனிதரிடம் வந்தது. புலிக்கே இக்கதியென்றால், பதினைந்து கிலோ நாயைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி, தடுக்கும் வழிகளுக்கு வருவோம். இவற்றுள் தலையாயது செலவற்றது: பொழுதுபடும்போது நாயைக் கட்டிவிடுங்கள், நன்கு விடிந்த பின்னரே அவிழ்த்துவிடுங்கள். முள்ளம்பன்றி இரவில் உலாவுவது. ஆகவே இரவில் நாய் வேலிக்குள் இருந்தாற் பெரும்பகுதி ஆபத்து நீங்கிவிடும். "கட்டினால் காவல் எப்படி?" என்று கேட்பர். குரைப்பதற்கு வாய் போதும், கால் வேண்டியதில்லை. நீளமான சங்கிலியில் முற்றத்திற் கிடக்கும் நாய் கள்வனையும் அறிவிக்கும், யானையையும் அறிவிக்கும்.

அடுத்தது, முள்ளம்பன்றி நம் வளவுக்கு வாராமற் செய்வது. மரவள்ளியும் வற்றாளையும் தென்னங்கன்றும் அதற்கு விருந்து. அத்தகைய தோட்டத்தைச் சுற்றிக் கம்பி வலை அடைப்போர், அடிப்பகுதியை ஓரடி ஆழமேனும் மண்ணிற் புதைத்தல் வேண்டும். மேலே நிற்கும் வேலியை அது பொருட்படுத்தாது, கீழே தோண்டி வந்துவிடும். அதன் வளையை அறிந்துவைப்பதும் நன்று. வாயிலில் புதுமண் குவிந்திருக்கும். உதிர்ந்த முள் கிடக்கும். கரம்பிய எலும்புத் துண்டுகளும் கிடக்கும். சுண்ணாம்புச் சத்துக்காகவும் பல்லைத் தேய்ப்பதற்காகவும் அது எலும்பைக் கொறிப்பதுண்டு. நாய்கள் வளைவாயிலுக்கு மீண்டும் மீண்டும் போவதற்கு அந்த எலும்பின் வாசனையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். பகலில் நாயோடு அப்பக்கம் செல்ல நேரின் கயிற்றிற் பிடித்தே செல்ல வேண்டும். வளைக்குள் தலையை நுழைத்த நாய் பின்வாங்க இடமின்றி அகப்பட்டுக்கொள்ளும்.

பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லுகிறேன்; நம்மவர் மிகவும் அலட்சியம் செய்வது இதனைத்தான். ஒருமுறை குத்துப்பட்ட நாய் மறுமுறை நெருங்காது என்பது பரவலான நம்பிக்கை. சில நாய்கள் அவ்வாறு கற்கும். பல கற்பதில்லை; பழி தீர்ப்பது போல இன்னும் மூர்க்கமாய்ப் பாய்வனவும் உள. ஆகையால் முள்ளம்பன்றியை ஆசிரியராக நியமிக்கலாகாது. குட்டி நான்கைந்து மாதமாயிருக்கையிலேயே தொடங்குங்கள். நீண்ட கயிறொன்றிற் கட்டி, "விடு" என்னும் சொல்லை முதலில் வீட்டிலேயே பழக்க வேண்டும். தரையிற் கிடக்கும் உணவை மோந்துகொண்டிருக்கும்போது அச்சொல்லைக் கேட்டுத் தலையைத் திருப்பினால், அந்தக் கணமே கருவாட்டுத் துண்டொன்றைக் கொடுங்கள். வீட்டிலுள்ளோர் அனைவரும் அதே சொல்லைச் சொல்வது முக்கியம். தகப்பன் "விடு" என்றும், தாய் "சீ" என்றும், பிள்ளை "வாடா" என்றும் கூவினால் குட்டி எதைக் கற்கும்? இது படிந்தபின், உதிர்ந்த முள்ளையும் வளைவாயில் மண்ணையும் ஒரு சாக்கிலிட்டுப் பற்றையோரம் வைத்து, அவ்வாசனையிலும் திரும்பி வரப் பழக்குங்கள். சில மாதம் பிடிக்கும். பிரம்பு உதவாது. மேல்நாடுகளில் மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டி கட்டுவோரும் உளர்; எனக்கு அதில் உடன்பாடில்லை. நோவு எங்கிருந்து வந்தது என்று நாய் அறியாது; அருகில் நின்ற பிள்ளைமீது பழியைப் போட்டுவிடக் கூடும்.

இன்னுமொன்று. தனியே செல்லும் நாய் அழைத்தால் திரும்பும். மூன்று நான்கு நாய்கள் கூடிவிட்டால் ஒன்றையொன்று தூண்டும். எவர் குரலும் காதில் விழாது. நாய்களைக் கூட்டமாய்க் காட்டில் ஏவி விடுவோர் இதனை நினைக்க வேண்டும். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தையும் அவர்கள் நினைப்பது நன்று. சரணாலயங்களில் வேட்டையாடுதல் குற்றம்.

இத்தனைக்குப் பின்னரும் நாய் முட்களோடு வந்து நின்றால் என் செய்வது? நான் செய்ததைச் செய்யாதீர்கள். முள்ளை வெட்டலாகாது. அதனுள் இருப்பது ஊதிய காற்றன்று; கடற்பஞ்சு போன்ற மென்பொருள். வெட்டினால் முள் தளராது. பிளந்து முறியும், பிடிப்பதற்கும் இடமில்லாமற் போகும். மண்ணெண்ணெய் புண்ணை எரிக்கும்; வேறு பயன் இல்லை. நாய் காலாற் பிறாண்டி முட்களை மேலும் உள்ளே தள்ளாதபடி அமைதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வாயினுள் முள் இருந்தால் வாயைக் கட்டக் கூடாது. காலிலோ தோளிலோ மேலோட்டமாகத் தைத்த ஒன்றிரண்டை மட்டும், தோலை ஒட்டிக் குறட்டாற் பற்றி, வந்த வழியே நேராக இழுத்து எடுக்கலாம். நெஞ்சு, வயிறு, தொண்டை, கண், மூட்டு ஆகிய இடங்களில் தைத்தவற்றைத் தொடாமல் மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். அவர் மயக்க மருந்து கொடுத்து எடுப்பார்.

அன்றே செல்லுங்கள். கனடாவிலே முள் தைத்த 296 நாய்களைப் பற்றி 2006ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, ஒரு நாளுக்கு மேல் தாமதித்துக் கொண்டுவரப்பட்டவற்றுக்கே பின்விளைவுகள் மிகுதி எனக் கண்டது. அந்நாட்டு முள்ளம்பன்றி வேறினம். அதன் முள்நுனியிலுள்ள நுண்ணிய கொளுவிகள் நம்முடையதில் இல்லை. ஆனால் நம் முள் அதைவிடத் தடித்தது, ஆழக் குத்துவது, உள்ளே முறிந்தால் சீழ் கட்டவும் கூடும். எடுத்த முட்களை வீசிவிடாமல் எண்ணிப் பாருங்கள். நுனி குறைந்த முள் ஒன்றேனும் இருந்தால் அதனையும் வைத்தியரிடம் காட்டுங்கள். அதன்பின் நாலைந்து வாரம் வரை வீக்கம், நொண்டல், மூச்சிரைப்பு, உண்ணாமை ஆகியவற்றுள் எதுவும் தோன்றுகிறதா என நாள்தோறும் கவனிக்க வேண்டும். கறுப்பன் சோறு தின்றதைக் கண்டு நாங்கள் கவனிப்பதை விட்டுவிட்டோம்.

அச்சிறுவன் இப்பொழுது உயர்தர வகுப்பிற் படிக்கிறான். அவன் வீட்டில் வேறொரு நாய் வளர்கிறது. கறுப்பனிடமிருந்து எடுத்தவற்றில் முறியாத ஐந்து முட்களை அவன் வைத்திருந்தான். சண்டை வருமென்று பாட்டியார் வீட்டிற் சேர்க்கவில்லை. அவை என் அலுவலக மேசை இழுப்பறையில் இருக்கின்றன. குட்டியைப் பழக்க விரும்புவோர் வந்து கேட்டால் இரவல் கொடுப்பேன். வாசனை பெரிதும் குறைந்துவிட்டது. ஆதலால் வளைமண்ணையும் அவர்களே தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொண்டுபோகும்போது ஐந்தையும் எண்ணித்தான் கொடுக்கிறேன். எண்ணித்தான் திருப்பி வாங்குகிறேன்.