தையல் பிரித்த பிறகும் மூன்று மாதம்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். நாமக்கல்லிலோ சேலத்திலோ வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்த மனைவியை அந்த வழியே வீட்டுக்கு அழைத்துவரும் கணவர் மறக்காமல் எடுத்துவர வேண்டியது ஒரு தலையணை. ஒவ்வொரு திருப்பத்திலும் உடல் சாயும்போது வயிற்றுத் தசை இழுபடும். இருமினாலும் வாந்தி வந்தாலும் அப்படித்தான். தலையணையைத் தையல்மேல் வைத்து இரு கையாலும் அணைத்துக்கொண்டால் வலி குறையும். மலைப்பாதையில் குமட்டும் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே மாத்திரை கேட்டு வாங்கலாம்.

தையல் பிரித்துவிட்டால் புண் ஆறிவிட்டது என்று நினைக்கிறோம். உள்ளே அப்படியில்லை. முதல் சில நாள் வெள்ளையணுக்கள் கிருமிகளையும் செத்த திசுவையும் அகற்றும். அடுத்த வாரங்களில் கொலாஜன் என்ற புரத இழைகள் அவசர அவசரமாகப் பின்னப்படும். அவற்றைக் கலைத்து ஒழுங்காக அடுக்க உடலுக்குப் பல மாதம் ஆகும். மூன்று வாரம் கழித்தும் வெட்டுப்பட்ட தோலுக்குப் பழைய வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். மூன்று மாதத்தில்தான் அது 80 விழுக்காட்டை நெருங்கும். பழைய முழு வலிமை திரும்புவதே இல்லை. காய்ந்த தழும்பை நம்பித் தண்ணீர்க் குடத்தையோ விறகுக் கட்டையோ தூக்கினால் வயிற்றுச்சுவர் விலகிக் குடலிறக்கம் வரலாம். மேடும் சரிவுமான ஊரில் பெண்கள் சுமக்காத நாளே கிடையாது. அந்தச் சுமையைக் கணவர் வாங்கிக்கொள்வதும் சிகிச்சைதான். எவ்வளவு எடை, எத்தனை வாரம் என்பதை டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்காகப் படுக்கையிலேயே வைத்திருக்கக் கூடாது. அறுவை சிகிச்சைக்குப் பின் இரத்தம் எளிதில் உறையும். அசையாத காலில் கட்டி உண்டாகி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. வாசலில் கைபிடித்து நடக்கவைக்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, தையலில் சீழ் வடிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

பத்தியம் எனக்குப் பெரும் கவலை தருகிறது. முட்டைக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்திலேயே, முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. புண்ணை மூடும் இழையே புரதம். டாக்டர் தடுக்காதவரை முட்டையும் பருப்பும் மொச்சையும் தாராளமாகக் கொடுக்கலாம். மலையில் விளையும் சாமையும் கேழ்வரகும் நார்ச்சத்தால் மலச்சிக்கலைத் தவிர்க்க உதவும். முக்குவதும் தையலுக்குச் சுமைதான்.

வீட்டுச் சூழலுக்கும் புண்ணுக்கும் தொடர்புண்டா? அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு இதை அளந்தே பார்த்தது. 2005இல் வெளியான ஆய்வில் 42 தம்பதியரின் கையில் சிறு கொப்புளப் புண்களை உண்டாக்கினார்கள். கடுமையாக மோதிக்கொண்ட தம்பதியருக்கு, அப்படி மோதாதவர்களின் வேகத்தில் 60 விழுக்காட்டு வேகத்தில்தான் புண் ஆறியது. 1995இல் இதே குழு, மறதிநோய் கண்ட உறவினரைக் கவனித்துவந்த 13 பெண்களை ஆராய்ந்தது. அவர்களுக்குச் சிறு வெட்டுக்காயம் ஆற மற்றவர்களைவிட சராசரியாக 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசால், காயத்தைச் சரிசெய்யும் முதற்கட்ட அணுக்களின் வேலையை மந்தப்படுத்துகிறது. சிறிய ஆய்வுகள்தான், ஆனால் பார்த்துக்கொள்பவரின் உடம்பும் தேய்கிறது என்பதைப் புறக்கணிக்க முடியாது.

இரவில் மனைவிக்காக விழித்திருந்து, பகலில் காட்டுவேலையும் சமையலும் செய்யும் கணவரால் எத்தனை நாள் தாங்க முடியும்? மச்சினியோ அண்ணியோ இரண்டு நாள் வந்து இருக்கட்டும். கூச்சப்படாமல் கேட்க வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கிறார்கள்; தேவைப்படுவோருக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு. அவர்கள் வரும் நாளில், கட்டிலில் இருப்பவருக்குப் பார்த்து முடித்ததும் பக்கத்தில் நிற்பவரும் கையை நீட்டட்டும்.