முள்வாயிலும் மண் முத்திரையும்

மகாவலி கங்கை வளைந்தோடும் கண்டி மாநகரம் ஒரு காலத்தில் மலையையும் காட்டையும் அரணாகக் கொண்ட இராசதானியாக விளங்கிற்று. 1660ஆம் ஆண்டில் சிறைப்பட்டு, 1679இல் தப்பிச் செல்லும்வரை அவ்விராச்சியத்தில் வாழ்ந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ். 1681இல் இலண்டனில் வெளியான தமது நூலில் அவர் ஓர் அரிய செய்தியைத் தருகிறார். மலைப்பாதைகளிலே முள்ளால் அமைந்த வாயில்கள் இருந்தன. அவற்றைக் கடப்போர் அரண்மனையில் பெற்ற களிமண் முத்திரையைக் காவலரிடம் காட்டுதல் வேண்டும். போர்வீரனுடைய முத்திரையில் ஈட்டி தாங்கிய மனிதன். கூலியாளுடையதில் தோட்தடியின் இருமுனையிலும் பை தொங்க நடப்பவன். வெள்ளையருடையதில் வாளும் தொப்பியும் கொண்ட வெள்ளையன்.

வந்தவன் தன்னைப் பற்றிச் சொல்வதைக் காவலன் நம்பவில்லை. இருவருக்கும் பொதுவான அரண்மனையின் அடையாளத்தையே நம்பினான். இன்று இணையத்தில் இருவர் நடத்தும் இரகசிய உரையாடலைக் காப்பதும் இதே நெறிதான்.

எசல பெரகரா காண வந்த பயணி ஒருவர் கண்டியில் ஒரு விடுதியில் தங்கியிருப்பதாகக் கொள்வோம். தம் கைத்தொலைபேசியை விடுதியின் வைஃபையுடன் இணைத்து, வங்கிக் கணக்கைப் பார்க்க முற்படுகிறார். அருகே ஒருவன் அதே பெயரில் வேறொரு வைஃபையை இயக்கலாம். அல்லது விடுதியின் வலையமைப்பினுள் புகுந்து, "வெளியுலகிற்குச் செல்லும் வாயில் நானே" என்று தன் கணினியைக் கொண்டு பொய்யுரைக்கலாம். உள்ளே இருக்கும் கருவிகள் பெரும்பாலும் அக்கூற்றைச் சோதிப்பதில்லை. அப்போது பயணியின் செய்தி அவனிடம் சென்று, பின்பே வங்கியை அடையும். இருபுறத்தாரும் நேரே பேசுவதாகவே எண்ணுவர்.

செய்தியைப் பூட்டி அனுப்பினால் போதாதோ? போதாது. இடையில் நிற்பவன் பயணியிடம் வங்கியாக நடித்து ஒரு திறவுகோலையும், வங்கியிடம் பயணியாக நடித்து மற்றொரு திறவுகோலையும் ஏற்படுத்திக்கொள்வான். பூட்டு இரண்டு, இரண்டையும் திறப்பவன் ஒருவன். ஆகவே, பூட்டுவதற்கு முன் எதிரில் இருப்பவர் யாரென அறிதல் இன்றியமையாதது.

இதற்காகவே வங்கியின் தளம் ஒரு மின்னணுச் சான்றிதழைக் காட்டுகிறது. சான்றளிக்கும் நிறுவனம் ஒன்று அதில் ஒப்பமிட்டிருக்கும். அந்த ஒப்பம் மெய்யானதா என்பதை உலாவி சோதிக்கிறது. மண் முத்திரையைக் களவாடியவனும் அதைக் காட்டிவிடலாம்; சான்றிதழ் அத்தகையதன்று. அதற்கு இணையான இரகசியத் திறவுகோல் வங்கியிடம் மட்டுமே உள்ளதால், படியெடுத்தவனுக்குப் பயனில்லை.

ஆயினும் முத்திரை வழங்கும் அரண்மனையே கொள்ளை போனால்? 2011இல் நெதர்லாந்தில் அது நிகழ்ந்தது. டிஜிநோட்டார் என்னும் சான்றளிப்பு நிறுவனத்தினுள் ஊடுருவியோர் கூகுளின் பெயரிலும் பொய்ச் சான்றிதழ் உண்டாக்கினர். ஈரானிலுள்ளோரின் தொடர்புகளை இடைமறிக்க அது பயன்பட்டது. உலாவிகள் அந்நிறுவனத்தின் ஒப்பத்தைப் புறக்கணித்தன. அவ்வாண்டே அது நொடிந்து போயிற்று.

இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இத்தகைய இடைமறிப்பைக் குற்றமாக்கியுள்ளது. எனினும் சட்டம் வருமுன் காப்பது விழிப்பே. சான்றிதழ் பொருந்தவில்லையென உலாவி எச்சரித்தால், "தொடர்க" என்பதை அழுத்தலாகாது. பூட்டுச் சின்னம் கண்டதும் அமைதியுறாது, முகவரியின் ஒவ்வோர் எழுத்தையும் நோக்குதல் வேண்டும். வஞ்சகனும் தன் பொய்ப் பெயருக்கு ஒரு சான்றிதழ் பெறக்கூடும். பொதுவிடத்து வைஃபையில் ஐயம் தோன்றின், வங்கி அலுவலுக்குக் கைத்தொலைபேசியின் சொந்த இணைப்பே மேலானது.

அன்று முத்திரை இல்லாதவனுக்கு முள்வாயில் திறக்கவில்லை. இன்று அவ்வாயிலில் காவல் நிற்பது உலாவி; அதன் எச்சரிக்கையை மீறிக் கதவைத் திறந்துவிடக் கூடியவர் வீட்டுக்குரியவரே.