துண்டுபட்ட நிலமும் வண்ணத்துப்பூச்சியின் வழியும்

திருவில்லிபுத்தூரில் செண்பகத்தோப்பையொட்டிய மலைச்சரிவு 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாயிற்று. 2021இல் மேகமலையுடன் இணைந்து புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. அங்கிருந்து கிழக்கே சிவகாசி நோக்கி வருவோர் காண்பது வேறோர் உலகம். கரிசல் வயல், சீமைக்கருவேலம், பட்டாசு ஆலைகளின் தனித்தனிக் கொட்டகைகள், தார்ச்சாலை. இவற்றினூடே, எருக்கஞ்செடியில் முட்டையிடும் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி ஒரு தூற்றிலிருந்து மற்றொரு தூற்றை எங்ஙனம் சென்றடைகிறது? இதற்குக் கணிதத்தால் விடை தேடும் முறையைச் சிறிது விளக்க விழைகிறோம்.

அறிஞர்கள் பூச்சியின் பயணத்தைச் சிறு சிறு நகர்வுகளாகப் பகுக்கின்றனர். ஒவ்வொரு நகர்வின் நீளத்தையும், அதன் முடிவில் திரும்பும் கோணத்தையும் களத்தில் அளந்து கணினிக்குத் தருகின்றனர். திசை முற்றிலும் தற்செயலாயின், ஒரு மீட்டர் வீதம் 100 முறை நகர்ந்த பூச்சி புறப்பட்ட இடத்தினின்றும் ஏறத்தாழ 10 மீட்டரே விலகியிருக்கும்; 100 மீட்டர் விலகுவதற்கோ 10,000 நகர்வுகள் வேண்டும். அரபியில் வண்ணத்துப்பூச்சிக்கும் விளக்கில் வீழும் விட்டிலுக்கும் ‘ஃபராஷா’ என்ற ஒரே சொல்தான். குறிக்கோளின்றிப் படபடப்பது என்றே நாமும் வகுப்பில் கூறி வந்தோம். உண்மையில் அது முன் சென்ற திசையை ஓரளவு பற்றியே செல்கிறது. இதனையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை 1983இல் கரீவா, ஷிகெசாடா என்னும் இருவர் முட்டைக்கோசு வண்ணத்துப்பூச்சியைக் கொண்டு விளக்கினர்.

எனினும் கணக்கின் உயிர்நிலை நிலத்தின் விளிம்பில் உள்ளது. அமெரிக்காவில் தென் கரோலினாவின் சவானா ஆற்றுப் பகுதியில், பைன் காட்டினுள் திறந்த வெளிகளை வெட்டி, சிலவற்றை 150 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் கொண்ட வழியால் இணைத்து ஆராய்ந்தனர். வெளியை விரும்பும் பூச்சி காட்டின் விளிம்பைக் கண்டதும் திரும்புகிறது. அவ்வாறு திரும்பித் திரும்பியே இணைப்பு வழியின் வாயிலை எட்டிவிடுகிறது. இணைந்த வெளிகளுக்கிடையே போக்குவரத்து மிகுந்திருந்தது. பயன் வழியால் விளைந்ததா, கூடுதல் பரப்பால் விளைந்ததா என்ற ஐயம் எழுமன்றோ? அதனை நீக்கவே, அதே பரப்புடைய, ஆனால் எதனோடும் இணையாத வெளிகளையும் உடன் அமைத்திருந்தனர்.

நம் பகுதியில் இத்தகைய வழியாகக்கூடியவை ஓடைக்கரை, கண்மாய்க்கரை, வரப்பு ஆகியன. பட்டாசுக் கொட்டகைகளைச் சுற்றி உலர்ந்த புல்லை அகற்றுவது மனித உயிர் காக்கும் ஏற்பாடு. அதில் தளர்வு கோருவதற்கில்லை. ஆகவே ஆலைக்கு வெளியேயுள்ள கரைகளே எஞ்சுகின்றன. அங்கும் எருக்கை வீண்செடியென வெட்டி எறிந்தால் எஞ்சியதும் போய்விடும். இரு தூறுகளுக்கிடையே எத்துணை இடைவெளியை இப்பூச்சி தாண்டும் என்பதை முதலில் அறிதல் வேண்டும். அளவுநாடா, கடிகாரம், குறிப்பேடு, பின்தொடரப் பொறுமையுள்ள மாணவர் இருவர் போதும். பூச்சி அமருமிடமெல்லாம் ஒரு குச்சியை நட்டுச் சென்றால் நீளமும் கோணமும் கிடைத்துவிடும்.