பெடல் வேலை செய்யணும்னா முதல்ல படம் வரையுங்க

போன எபிசோட்ல கிட்டார் எஃபெக்ட்ஸ் பெடலை வீட்டிலேயே செய்யலாம்னு சொல்லியிருந்தேன். அதுக்கு நிறைய பேர் கேட்ட ஒரே கேள்வி: “சர்க்யூட் டயகிராம் கிடைச்சிருச்சு, பார்ட்ஸும் வாங்கியாச்சு. ஆனா எந்த வயர் எங்க போகுதுன்னே புரியல, என்ன பண்றது?” அதனால இன்னைக்கு வயரிங் டயகிராம் மட்டும்தான்.

முதல்ல ஒரு வித்தியாசத்தைப் புரிஞ்சுக்கணும். ஸ்கீமேட்டிக் வேற, வயரிங் டயகிராம் வேற. எது எதோட இணையுதுன்னு ஸ்கீமேட்டிக் சொல்லும். அந்தப் பொருள் டப்பாவுக்குள்ள எங்க உக்காந்திருக்கு, வயர் எந்தக் காலிலிருந்து எந்தக் காலுக்குப் போகுதுன்னு சொல்றது வயரிங் டயகிராம். நம்ம பாஷையில சொன்னா, ஒண்ணு லாஜிக், இன்னொண்ணு டிப்ளாய்மென்ட்.

உதாரணத்துக்கு எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் கம்பெனியோட எல்பிபி-1 பூஸ்டரை எடுத்துக்குவோம். 1960-களின் கடைசியில வந்த பெடல். ஒரு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், ரெண்டு கெபாசிட்டர், ஒரு வால்யூம் கன்ட்ரோல், அவ்வளவுதான் சர்க்யூட். கலெக்டர்ல 10 கிலோ ஓம், எமிட்டர்ல 390 ஓம். ஒண்ணை இன்னொண்ணால வகுத்தா சிக்னல் தோராயமா 25 மடங்கு பெருகும்னு கணக்கு வரும். ஸ்கீமேட்டிக் ஒரு உள்ளங்கையில அடங்கிடும்.

ஆனா அந்த ஸ்கீமேட்டிக்ல இல்லாதது என்னென்னன்னு பாருங்க. ஃபுட்ஸ்விட்ச் இல்ல, எல்இடி இல்ல, அடாப்டர் சாக்கெட் இல்ல. கிரவுண்ட் குறி பல இடத்துல இருக்கும், ஆனா அதுக்கு நடுவுல ஒரு கோடுகூட இருக்காது. டப்பாவுக்குள்ள ஒவ்வொரு கிரவுண்டுக்கும் நிஜமான இணைப்பு வேணும். அதனால முதல் விதி: வயரிங் டயகிராம்ல கிரவுண்டுக்குக் குறி போட்டுத் தப்பிக்காதீங்க, ஒவ்வொரு வயரையும் வரையுங்க. சிவப்பு 9 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், இன்புட்டுக்கு ஒரு நிறம், அவுட்புட்டுக்கு ஒரு நிறம். படத்துல எந்த நிறமோ, டப்பாவுலயும் அதே நிறம்.

இரண்டாவது விதி: எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம்னு படத்து மேலேயே எழுதிடுங்க. பெடலை மேலிருந்து பார்த்தா, வழக்கமா கிட்டார் கேபிள் வலது பக்கம் நுழையும், ஆம்ப்ளிஃபயருக்குப் போறது இடது பக்கம். புத்தகப் பக்கம் திருப்புற மாதிரி டப்பாவைத் திருப்பி மூடியைத் திறந்தா, இன்புட் இடது பக்கம் வந்துடும். வால்யூம் கன்ட்ரோலோட 1, 2, 3 கால்களும் அப்படியே வரிசை மாறிடும். 1-ம் 3-ம் இடம் மாறினா, வால்யூமைக் கூட்டத் திருகும்போது சத்தம் குறையும். நாம சால்டர் பண்றது டப்பாவோட உள்பக்கம். அதனால படமும் உள்பக்கப் பார்வையிலதான் இருக்கணும்.

அடுத்து, எல்லாரையும் பயமுறுத்துற அந்த ஒன்பது கால் ஃபுட்ஸ்விட்ச். உண்மையில அது ஒரே மிதியில மாறுற மூணு தனித்தனி ஸ்விட்ச். முதல் வரிசை 1-2-3, அடுத்தது 4-5-6, கடைசி 7-8-9. நடுக்கால் எப்பவும் ஏதாவது ஒரு பக்கத்துக் காலோட சேர்ந்திருக்கும். 2-ல இன்புட் ஜாக், 5-ல அவுட்புட் ஜாக், 8-ல கிரவுண்ட். 1-ல சர்க்யூட்டோட இன்புட், 4-ல சர்க்யூட்டோட அவுட்புட், 7-ல எல்இடியோட நெகட்டிவ். 3-க்கும் 6-க்கும் நடுவுல ஒரு சின்ன ஜம்பர். 9 காலி. ஒரு பக்கம் மிதிச்சா சிக்னல் 2-லிருந்து 1, சர்க்யூட், 4, 5-னு போகும், எல்இடியும் எரியும். இன்னொரு பக்கம் மாறினா 2, 3, 6, 5. அதாவது சர்க்யூட்டைத் தொடாமலே வெளிய போயிடும். இதைத்தான் ட்ரூ பைபாஸ்னு சொல்றாங்க.

ஸ்விட்சை 90 டிகிரி திருப்பி வெச்சுட்டா இது மொத்தமும் தப்பாயிடும். அதனால கால்களைப் புள்ளியா வரையாம, அது தட்டையா நிக்கிற திசையிலயே சின்னக் கோடா வரையுங்க. எந்த மூணு கால் ஒரு வரிசைன்னு மல்டிமீட்டரை பீப் சத்தத்துல வெச்சு உறுதி பண்ணிட்டு நம்பர் போடுங்க.

டிரான்சிஸ்டருக்கும் இதே கதைதான். ரிச்சி ஸ்ட்ரீட்ல 2என்5088 கேட்டா, “அது இல்ல, பிசி547 தரட்டுமா”ன்னு கேக்கலாம். தாராளமா வாங்கலாம், பூஸ்டர் ஓடும். ஆனா தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, கால் கீழ இருக்கிற மாதிரி பிடிச்சா, 2என்5088-ல இடமிருந்து வலமா எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி547-ல கலெக்டர், பேஸ், எமிட்டர். ஸ்கீமேட்டிக்ல ரெண்டுக்கும் ஒரே குறி, அது இதைக் காட்டாது. உங்க படம்தான் காட்டணும்.

அடாப்டர் சாக்கெட்டையும் கவனிங்க. பெரும்பாலான பெடல்கள்ல 9 வோல்ட் அடாப்டரோட நடுமுனை நெகட்டிவ், வெளிவளையம் பாசிட்டிவ். அலுமினிய டப்பா கிரவுண்டோட சேர்ந்திருக்கும். அங்க உலோக உடம்பு உள்ள சாக்கெட் போட்டா பாசிட்டிவ் நேரா டப்பாவைத் தொட்டு ஷார்ட் ஆயிடும். அதனால பிளாஸ்டிக் உடம்பு சாக்கெட்னு படத்துலயே குறிச்சு வைங்க.

பேட்டரி போடுறீங்கன்னா இன்புட்டுக்கு ஸ்டீரியோ ஜாக். பேட்டரியோட நெகட்டிவ் நடு வளையத்துக்கு, கிரவுண்ட் அடி உறைக்கு. கிட்டாரோட மோனோ கேபிளைச் சொருகினா அது ரெண்டையும் சேர்த்துடும். உருவினா பேட்டரி தானா கட். ஒரே ஒரு வயரை இடம் மாத்தினா போதும், ராத்திரியெல்லாம் பேட்டரி கரைஞ்சுட்டே இருக்கும்.

இவ்வளவு மெனக்கெடணுமான்னு கேக்கலாம். என் ஃப்ரெண்ட் ஒருத்தன் பேண்ட்ல பாஸ் வாசிக்கிறான். யாரோ கையால செஞ்ச ஒரு பெடலை செகண்ட் ஹேண்ட்ல வாங்கி ரெண்டு வருஷம் வாசிச்சான். ஒரு நாள் சத்தம் நின்னு போச்சு. செஞ்சவர் யாருன்னு தெரியாது. உள்ள எல்லா வயரும் வெள்ளை, படம் எதுவும் இல்ல. நாங்க ரெண்டு பேரும் உக்காந்து ஒவ்வொரு வயராத் தொட்டுத் தொட்டுப் படம் வரையவே ரெண்டு சாயங்காலம் ஆச்சு. பழுதுன்னு பார்த்தா, அவுட்புட் ஜாக்ல ஒரு கிரவுண்ட் வயர் விட்டிருந்தது. அதைச் சரி பண்ண ரெண்டு நிமிஷம். ஆனா அவனோட ஷோ அதுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு.

வயரிங் டயகிராம் இன்னைக்கு சால்டர் பண்றவருக்கு மட்டும் இல்ல. நாளைக்கு அந்த மூடியைத் திறக்கிறவருக்கும்தான். அது நீங்களாவும் இருக்கலாம், உங்க பெடலை வாங்கின யாரோ ஒருத்தராவும் இருக்கலாம். இன்க்ஸ்கேப், கிகேட்னு இலவச மென்பொருள் நிறைய இருக்கு. கட்டம் போட்ட நோட்டும் நாலு கலர் பேனாவும்கூடப் போதும். வேலை முடிஞ்சதும் படத்தை மடிச்சு, உலோகத்துல எதுவும் உரசாத மாதிரி மூடியோட உள்பக்கம் ஒட்டிடுங்க, தேதியையும் போட்டுடுங்க.

அடுத்த எபிசோட்ல இதே பூஸ்டரை ஸ்ட்ரிப்போர்டுல எப்படி அடுக்குறதுன்னு பார்ப்போம். அதுக்குள்ள ஒரு படம் வரைஞ்சு வைங்க.