வெயிலுக்கு ஒரு கையுறை, மருந்துக்கு வேறு கையுறை



கொழுந்து பறிக்கிறவர், மருந்து அடிக்கிறவர், லீவு நாளில் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் தூண்டில் போடுகிறவர், எல்லோருக்கும் கைதான் மூலதனம். அந்தக் கையைக் காப்பாற்றக் கையுறை போடுவது நல்ல பழக்கம். ஆனால் "ஏதாவது ஒன்றை மாட்டினால் சரிதானே" என்று நினைக்கக் கூடாது. ஒரு வேலைக்கு உதவுகிற கையுறை இன்னொரு வேலைக்கு ஆபத்தாகவும் முடியும்.

"நம்ம பக்கம் குளிர்தானே, வெயில் என்ன செய்யப்போகுது?" என்று சிலர் கேட்பார்கள். தோலைக் கெடுப்பது வெயிலின் சூடு மட்டுமல்ல. அதில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களும் உண்டு. ஒவ்வொரு 1,000 மீற்றர் உயரத்துக்கும் இக்கதிர்களின் வலு ஏறக்குறைய 10 வீதம் கூடுகிறது. நுவரெலியா நகரம் 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. மெல்லிய மேகம் மூடினாலும் கதிர்களில் பெரும்பகுதி கீழே வந்துவிடும். தண்ணீர் ஓரத்தில் இருப்பவருக்கு மேலிருந்து படுவதோடு, தண்ணீரில் பட்டுத் திரும்புவதும் சேரும். புறங்கை கறுத்து, சுருங்கி, புள்ளி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெயிலுக்குத் துணிக் கையுறை போதும். வாங்கும்போது இவற்றைப் பாருங்கள்:

1. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இழைகளுக்கு நடுவே வெளிச்சம் அதிகம் தெரிந்தால் வேண்டாம். நெருக்கமாக நெய்த, கடும் நிறத் துணி நல்லது.

2. விரல் நுனி திறந்திருக்கட்டும். கொழுந்து கிள்ளவும் தூண்டில் நூலைப் பிடிக்கவும் அது வேண்டும்.

3. மணிக்கட்டை நன்றாக மூட வேண்டும்.

4. பருத்தித் துணி நனைந்தால் பாதுகாப்புக் குறையும். மாற்று ஜோடி ஒன்று இருந்தால் நல்லது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இந்தத் துணிக் கையுறையைப் போட்டுக்கொண்டு களைக்கொல்லியோ பூச்சி மருந்தோ அடிக்கவே கூடாது. துணி மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். வெறுங்கையில் பட்ட மருந்தை உடனே கழுவிவிடலாம். துணியில் ஊறிய மருந்தோ வேலை முடியும்வரை தோலோடு ஒட்டியே இருக்கும். வியர்வையிலும் சூட்டிலும் அது இன்னும் சுலபமாக உடம்புக்குள் போகும். தோல் கையுறையும் இப்படித்தான், ஒருமுறை ஊறினால் கழுவினாலும் போகாது.

மருந்துக்கு ஏற்றது, உள்ளே துணி வைக்காத, தடித்த நைட்ரில் கையுறை. மருந்துப் போத்தலின் லேபலில் வேறு வகை சொல்லியிருந்தால் அதையே போடுங்கள். கை நுழைக்கும் முன் கையுறையில் தண்ணீர் நிரப்பி அழுத்துங்கள். எங்காவது கசிந்தால் அது குப்பைக்குத்தான். கீழ்நோக்கி அடிக்கும்போது சட்டைக் கை கையுறைக்கு மேலே இருக்கட்டும். அப்போது வழிகிற மருந்து உள்ளே இறங்காது.

வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றும் முன்பே, கையில் இருக்கும்போதே வெளிப்புறத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கழற்றிய பின் கையையும் கழுவுங்கள். பீலிக்கரையிலோ ஓடையிலோ கழுவ வேண்டாம். அந்தத் தண்ணீரைத்தான் நம் பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

மருந்துக் கையுறையை லயத்துக்குக் கொண்டு வரவும் வேண்டாம். அப்பா கழற்றி வைத்ததைக் காலையில் அம்மா எடுத்து மாட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போவதும், பிள்ளை எடுத்து விளையாடுவதும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதானே? மருந்து வைக்கும் ஸ்டோரிலேயே அதுவும் இருக்கட்டும்.

தோலில் மருந்து பட்டால் நனைந்த உடையைக் கழற்றிவிட்டு, 15 நிமிஷமாவது தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவுங்கள. தலைசுற்று, வாந்தி, கண் மங்கல், மூச்சுத் திணறல் இருந்தால் தாமதிக்காமல் லேபலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

சரியான கையுறை இல்லாமல் மருந்து டாங்கியைத் தோளில் ஏற்ற வேண்டாம். கணக்கப்பிள்ளையிடமோ நலன்புரி உத்தியோகத்தரிடமோ கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. ஒரு நாள் வேலை பிந்தினால் மறுநாள் செய்யலாம். கை கெட்டால் குடும்பமே பட்டினி!